மெஷின் வாங்கினால் முதலாளியா?

ஐடிஐ முடித்த பையன்களை உட்கார வைத்து, சம்பளத்துக்கு வெல்டிங் அடிப்பது அடிமைத்தனம், கடனை வாங்கி ஒரு மெஷினைப் போடு, நீயே முதலாளி என்று புத்தி சொல்கிறார்கள். அதையும் வாலிநோக்கத்தில் வந்து சொல்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இது கப்பல் உடைத்த கரை. எண்ணெய் கிடந்த தொட்டியில் வெட்டும் டார்ச் பிடிக்கும் முன் உள்ளே வாயு இல்லை என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அது உடைக்கும் கம்பெனியின் பொறுப்பு. டார்ச் யார் காசில் வாங்கியது என்று பார்த்துத் தொட்டி வெடிப்பதில்லை. டார்ச் பிடித்தவனையே தனி காண்ட்ராக்டர் என்று எழுதிக்கொண்டால், அந்தப் பொறுப்பு யார் தலையில் விழும்? மெஷின் மட்டும் அவனுடையது; நேரமும் ரேட்டும் இன்னொருவர் சொல்வது. இதற்குப் பெயர் சொந்தத் தொழில் என்றால் அது பச்சைப் பொய்.

கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 488 ரூபாய். வேலையில் கை வெந்து படுத்தால், குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மெஷின் வாங்கியவன் படுத்தால் பட்டறைக் கதவு மூடும், கடன் தவணை மட்டும் மூடாது. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2017இல் முதல் வகையிலேயே சேர்த்துவிட்டது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ராடு பிடிக்கும் பையனிடம் இதை ஏன் சொல்லவில்லை?

மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை கொட்டும் என்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையேறும், வேலை வரும், உண்மை. ஆனால் அந்த 61 நாளும் படகுக்காரர் கையில் மீன் காசு கிடையாது. வேலை கடனுக்குத்தான். ராடும் கரன்டும் கடனுக்கு வருமா? உப்புக்காற்றில் நமுத்த ராடைத் தூக்கிப் போட்டால் அந்த நஷ்டத்தை யார் தருவார்?

கம்பெனிகள் இஎஸ்ஐ கட்டுவதே இல்லையே என்பார்கள். பல இடத்தில் அப்படித்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கட்டாமல் இருப்பது சட்டத்தை மீறுவது. மீறுகிறவனைக் கேட்க வேண்டிய வாய், மீறப்பட்டவனைப் பார்த்து வெளியே போய்க் கடை போடு என்கிறது. இது யாருக்குச் செய்யும் உதவி?

கைத்தொழில் தெரிந்து, கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணமும் நாலு நிரந்தர வாடிக்கையும் உள்ளவர் பட்டறை போடட்டும், வாழட்டும். மற்ற தம்பிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மெஷின் கடனுக்கு வங்கி வாசலில் நிற்பதற்கு முன், இப்போது வேலை செய்யும் இடத்தில் உங்கள் இஎஸ்ஐ எண்ணைக் கேளுங்கள்.