எரித்தாலும் சாம்பலுக்குக் குழி வேண்டும்

மலாக்காவின் குப்பை லாரிகள் இன்று போய்ச் சேரும் இடம் சுங்கை ஊடாங். குருபோங் குப்பைமேட்டுக்கு மாற்றாக 2015-இல் வந்த கிடங்கு அது. அடியில் விரிப்பு, கசிவுநீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு என்று பழைய மேட்டைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் நிரம்பாத குழி கிடையாது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றையும் அங்கே அமைக்கும் பொறுப்பு மாலாகோஃப் நிறுவனத்திடம் தரப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் எரிப்பது திட்டம். ஆலை வந்தால் புதிய குழி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

எரித்த குப்பையில் எடைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். புகையிலிருந்து வடிகட்டிப் பிடிக்கும் நுண்சாம்பலில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கும். அதைச் சாதாரணக் குழியில் கொட்டவே கூடாது. எரிக்கக்கூடியதையெல்லாம் எரிக்கும் சிங்கப்பூரே சாம்பலுக்காக 1999-இல் செமாக்காவ் கிடங்கைத் திறந்தது. 2035 வாக்கில் அதுவும் நிரம்பும் என்கிறார்கள். தவிர, பழுதுபார்க்க ஆலையை நிறுத்தும் நாள்களில் வரும் குப்பை எங்கே போகும்?

வீட்டிலேயே தரம் பிரிப்பது 2015 செப்டம்பரிலிருந்து மலாக்காவில் கட்டாயம். 2012-இல் நடந்த தேசிய ஆய்வில் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவு, 12 விழுக்காடு பேம்பர்ஸ். உணவுக் கழிவை உரமாக்கினாலே குழியின் ஆயுள் கூடும். முதலில் செய்ய வேண்டியது அதுதான். பேம்பர்ஸுக்கு அப்படி எளிய வழி இல்லை.

செம்பனைத் தோட்டத்தில் அது என்னவாகிறது என்பதைத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் தெரியும். தோட்டம் தனியார் நிலம் என்பதால் பல லயங்களுக்குக் குப்பை லாரி வருவதில்லை. செம்பனை வரிசைக்கு நடுவே ஒரு குழி. மாலையில் யாராவது தீ வைப்பார்கள். மேலே கருகி உள்ளே ஈரம் வற்றாத பேம்பர்ஸ், வெள்ளிப் பளபளப்புப் போகாத குரோப்போக் பைகள், உருகி இறுகிய பிளாஸ்டிக். மழை பெய்தால் அந்தக் கரிநீர் கால்வாயில் இறங்கும். 1991-இல் டுரியான் துங்கால் அணை வறண்டு தவித்த மாநிலம் தன் ஓடைகளை இப்படி விடலாமா?

அடுத்த கிடங்குக்கு நிலம் தேடும்போது கண் முதலில் தோட்டங்கள் மீதுதான் விழும். பரந்த நிலம், ஒரே உரிமையாளர், எதிர்த்துப் பேச ஆள் குறைவு. சிலாங்கூரின் புக்கிட் தாகார் கிடங்கும் செம்பனைக் காட்டுக்குள்தான் அமைந்தது. தோட்ட நிலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தகுந்த மண்ணும் குடியிருப்பிலிருந்து போதிய தூரமும் அங்கே கிடைக்கலாம். ஆனால் எதிர்ப்புக் குறைவு என்பது ஓர் இடத்துக்குத் தகுதியாகிவிடாது. அதற்காக முடிவைத் தள்ளிப்போடவும் கூடாது. இலங்கையின் மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டுக்கு மாற்றிடம் முடிவாகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 ஏப்ரலில் மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

மாநில அரசு இப்போதே இடத்தைத் தேர்ந்து அறிவிக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சாரம் தமிழிலும் வர வேண்டும். அலோர் காஜா, ஜாசின் தோட்டங்களின் கோயில் மண்டபங்களில் விளக்கக் கூட்டம் நடக்க வேண்டும். கிணற்று நீர்ச் சோதனை முடிவுகளை மாதந்தோறும் ஊராரிடம் தர வேண்டும். லயத்து வாசல்வரை குப்பை லாரி வருவதற்கான செலவும் அதே திட்டத்தில் சேர வேண்டும்.