நாணயம் போதுமா?



2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலையில் நிலம் உள்வாங்கி, ஒரு காரும் அதை ஓட்டிவந்த பெண்மணியும் பள்ளத்தில் விழுந்தது நினைவிருக்கும். பக்கத்திலேயே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்க் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த இந்தியத் தொழிலாளர்கள் ஏழு பேர் கயிறு போட்டுச் சில நிமிடங்களில் அவரைத் தூக்கிவிட்டார்கள். மனிதவள அமைச்சு நாணயம் கொடுத்துப் பாராட்டியது. அதிபர் தர்மன் இஸ்தானாவுக்கு அழைத்தார். நல்லது, நாமும் பெருமைப்பட்டோம்.

ஆனால் சிந்தியுங்கள். லாரியின் பின்தட்டில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு அதில் விதிவிலக்கு! 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் அப்படிப் போன இருவர் விபத்தில் மாண்டார்கள். 'சிறு நிறுவனங்கள் தாங்காது, கட்டுமானம் தாமதமாகும்' என்பதே 2023இலும் அரசு தந்த பதில்.

நம் தெருவில் குழாய் பதிப்பவர், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நம் பக்கத்தில் நின்று சாமான் வாங்குபவர்தான். நம்மில் பலருடைய தாத்தாவும் கூலியாகத்தான் இங்கு வந்தார். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் போய்க் கேளுங்கள்: பாராட்டு கிடைத்துவிட்டது, பாதுகாப்பான இருக்கை எப்போது?