இடது ஓரமாகத்தான் போனான்

என் மகன் இடது ஓரமாகத்தான் போனான்.

இதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். கோர்ட்டில் சொன்னேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றவர்களிடமும் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "என்ன சார் பண்றது, அவன் நேரம்" என்றார்கள். நேரமா? மறைமலை நகருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில், ஜிஎஸ்டி ரோட்டில் இடது கைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதன் பலகையை ஒரு ஆள் கொஞ்சம் தாமதமாகப் பார்த்தார். என் பிள்ளையின் நேரம் அவ்வளவுதான்.

2023 செப்டம்பர். சாயங்காலம் ஆறேகால். ஷிஃப்ட் விட்டுக் கம்பெனி பஸ்ஸும் லாரியும் ஷேர் ஆட்டோவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போகிற வேளை. மீடியனை ஒட்டி வலது கோடியில் ஒரு கார் வருகிறது. பங்க் கண்ணில் பட்டதும் அப்படியே இடதுபக்கம் ஒடித்துவிட்டது. நடுவில் இருந்த இரண்டு தடங்களையும் குறுக்கே அறுத்துக்கொண்டு வந்தது. கடைசித் தடத்தில், ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நாற்பதிலோ நாற்பத்தைந்திலோ ஒரு பையன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். இருபத்து நாலு வயசு.

பங்க் கேமராவில் எல்லாம் பதிந்திருக்கிறது. மொத்தமே நாலு விநாடி. எனக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்னொரு தடவை போடுங்கள் என்றேன். காரின் இடது இண்டிகேட்டர் எரிகிறது. ஆமாம், எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை மின்னுகிறது. இரண்டாவது தடவை மின்னும்போது என் பிள்ளை வண்டியில் இல்லை.

"இண்டிகேட்டர் போட்டேனே சார்." ஸ்டேஷனில் அந்த மனிதர் என்னிடமே சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார். குடித்திருக்கவில்லை. படித்தவர், குடும்பஸ்தர், பின் சீட்டில் அவர் குழந்தையின் பள்ளிக்கூடப் பை கிடந்தது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், வாயாரச் சபித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் அந்த மனிதருக்கு உண்மையிலேயே புரியவில்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் முழிக்கிறார். விளக்கைப் போட்டுவிட்டால் ரோடு நமக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடுமா? வழி கேட்கிறவன் பதில் வரும்வரை நிற்க வேண்டாமா? பின்னால் வருகிறவனைப் பார்க்க இல்லையென்றால் அந்தக் கண்ணாடி எதற்கு, தலை சீவவா?

அடுத்த பங்க் எவ்வளவு தூரம் என்று ஒருநாள் போய் அளந்து பார்த்தேன். என் வண்டி மீட்டரில் ஒரு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். மூன்று நிமிஷம்கூட ஆகாது. பைத்தியக்காரத்தனம்தான், அளந்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் அளந்தேன். அந்த மூன்று நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் இது நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

108 சீக்கிரம் வந்தது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டு என்று யாரும் கேட்கவில்லை. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை என்று அரசாங்கம் 2021 டிசம்பரில் இதே ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிற மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைத்தது. நல்ல திட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பிள்ளைக்கு 48 மணி நேரம் தேவைப்படவில்லை. ஒன்பது மணி நேரத்தில் முடித்துக்கொண்டான்.

நான் யார் என்று இன்னும் சொல்லவில்லையே. அரசு பஸ் டிரைவர். 29 வருஷ சர்வீஸ். உயிர்ச்சேதம் இல்லாமல் ஓட்டியதற்குப் பாராட்டுப் பத்திரம் வாங்கியவன். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அவன் போன மறுவாரம் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். ஏனென்றால் அவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நான். வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் செங்கல்லை வரிசையாக அடுக்கி, "இதுதான்டா கோடு, இதைத் தாண்டாம ஓட்டு" என்று பழக்கினேன். லைசென்ஸ் எடுக்க அவன் எட்டு போட்டபோது காலைக் கீழே ஊன்றவில்லை என்று பாஸ் போட்டுவிட்டார்கள். ரோட்டில் விட்டுவிட்டுப் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டுக்கும் விடாமல் போட்டிருக்கிற கோட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "இடது ஓரமா போ தம்பி. உன் தடத்துல நீ போ. எவனும் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டான்."

எவனும் ஒன்றும் பண்ண மாட்டான் என்று சொன்னேனே!

கட் அடித்துப் போகிற பையனாக அவன் இருந்திருந்தால், நடுவில் புகுந்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் நெளிந்து, எல்லாரையும் போல எல்லாத் திசையிலும் கண்ணை வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஓட்டுகிறவனாக இருந்திருந்தால், ஒருவேளை தப்பித்திருப்பானோ? இந்தக் கேள்வி ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறது. நான் சொன்னதை நம்பித்தானே அவன் அந்த ஓரத்தில் நிம்மதியாகப் போனான்? வலதுபக்கத்திலிருந்து ஒருவன் திடீரென்று பாய்வான் என்று அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லையே?

நஷ்டஈட்டு வழக்கில், கோர்ட்டில் என்ன நடந்தது தெரியுமா? இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்து, இறந்தவர் மீதும் தவறு உண்டு என்றார். முன்னால் வந்த வாகனத்தைக் கவனித்து பிரேக் போட்டிருக்க வேண்டும், ஆகவே இருபது சதவீதம் குறைக்க வேண்டும் என்றார். அவன் முன்னால் எந்த வாகனமும் வரவில்லை ஐயா. பக்கவாட்டில் வந்தது. இருபது சதவீதம் எங்கே இருந்தது? அவன் கையிலா, காலிலா? பிறகு கணக்குப் போட்டார்கள். இந்த வயசுக்கு வருஷ வருமானத்தைப் பதினெட்டால் பெருக்க வேண்டுமாம். கல்யாணம் ஆகாதவன் சம்பாதிப்பதில் பாதியைத் தானே செலவழித்துவிடுவானாம், ஆகவே வருமானத்தில் பாதியைக் கழிக்க வேண்டுமாம். அவன் சம்பளம் பதினெட்டாயிரம். அதில் பதினைந்தை அவன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பெட்ரோல் போட அவளிடமே நூறு ரூபாய் கேட்பான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இறுதிச் சடங்குக்கு 15,000, உறவை இழந்ததற்கு 40,000 என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் அளவு வைத்திருக்கிறது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதில் பத்து சதவீதம் ஏறும். நீதிபதிகளைக் குற்றம் சொல்லவில்லை. ஏதாவது ஒரு எண்ணை அவர்கள் எழுதித்தானே ஆக வேண்டும்? ஆனால் அந்தத் தொகையை வக்கீல் வாசித்தபோது என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் கோர்ட் வாசலை மிதிக்கவில்லை.

குற்ற வழக்கு தனியாக நடக்கிறது. சம்பவம் 2023 என்பதால் பழைய சட்டம், 304-ஏ. அதிகபட்சம் இரண்டு வருஷம், இல்லையென்றால் அபராதம், இல்லையென்றால் இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அன்றைக்கே ஸ்டேஷனில் ஜாமீன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் பிணவறை வாசலில் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது அவர் வீட்டுக்குப் போயிருந்தார். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை போடலாமாம். போடட்டும், போடாமல் போகட்டும். எனக்கு அவரை ஜெயிலில் பார்க்க ஆசையில்லை. எனக்கு வேண்டியது வேறு. "தடம் மாறினது என் தப்பு" என்று ஒரு வாய் வார்த்தை. இன்றுவரை வரவில்லை. "திடீர்னு பைக் வந்துடுச்சு" என்றுதான் வாக்குமூலம். பைக் எங்கிருந்தும் வரவில்லையே, அது இருந்த இடத்தில்தானே இருந்தது?

அவரை மட்டும் சொல்லி என்ன? நீங்கள் ஓட்டவில்லையா? வலது கோடித் தடத்தில் அறுபதில் உருட்டிக்கொண்டு போனில் பேசுகிறீர்களே, பின்னால் வருகிறவன் வேறு வழியில்லாமல் இடதுபக்கம் ஏறுகிறானே, அவன் ஏறும் இடத்தில் ஒரு பிள்ளை வருகிறதே, அது உங்கள் கணக்கில் சேருமா சேராதா? யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்று ராங் சைடில், ஓரமாகத்தானே வருகிறேன் என்று ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறீர்களே, அந்த ஓரம் யாருடையது? சிக்னலில் மூன்று தடம் இருக்கிற இடத்தில் ஆறு வரிசையாக நிற்கிறோமே, பச்சை விழுந்ததும் அந்த ஆறு வரிசையும் எப்படி மூன்றுக்குள் போகும் என்று ஒருநாளாவது யோசித்தோமா? தூரத்து ஆம்னி பஸ்காரர், மணல் லாரிக்காரர், கல்யாணத்துக்குப் போகிற வேன்காரர், ஒருத்தரையும் விடவில்லை நான். உங்களைத்தான் சொல்கிறேன்.

என்னையும்தான். பஸ் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும், உள்ளே ஒதுக்க முடியாது. அதனால் இரண்டாவது தடத்திலேயே நிறுத்தி ஆள் ஏற்றியிருக்கிறேன். கண்டக்டர் விசில் கொடுத்ததும் பெரிய வண்டி என்கிற தைரியத்தில் அப்படியே வலதுபக்கம் வாங்கியிருக்கிறேன். பின்னால் பைக்காரன் பிரேக் அடித்துத் தடுமாறுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பார்த்து வரக் கூடாதா சனியனே" என்று திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கியவன் பிழைத்துப் போனான், அவ்வளவுதான் வித்தியாசம். 29 வருஷத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று எனக்குக் கொடுத்த அந்தப் பத்திரம், என் கெட்டிக்காரத்தனத்துக்கா, பின்னால் வந்தவர்களின் பிரேக்குக்கா? இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனாலும் எழுதுகிறேன். என் தப்பை மறைத்துக்கொண்டு உங்கள் தப்பைக் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது.

கோடு போட்ட ரோட்டில் கோட்டுக்குள் ஓட்டு, மாற வேண்டுமென்றால் சைகை காட்டிவிட்டு மாறு என்று 1989 சாலை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. 2017-இல் அதைப் புதுப்பித்தார்கள். மீறினால் 500 முதல் 1,000 வரை அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. எங்கள் பக்கம் ஹெல்மெட்டுக்குப் பிடிக்கிறார்கள், பிடிக்க வேண்டியதுதான். தடம் மாறியதற்காக ஒருவரை ஓரங்கட்டி நிறுத்தியதை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ஹெல்மெட் போடாவிட்டால் சாகிறது நீங்கள். கோட்டைத் தாண்டினால் சாகிறது அடுத்தவன். அதனால்தானோ யாருக்கும் அவசரமில்லை?

மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டு ரோடுகளில் செத்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க 1,68,491. அதில் 100-க்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். நான் டிரைவர், எனக்குத் தெரிந்த கணக்கு பஸ் கணக்குதான். ஐம்பத்தைந்து சீட் பஸ் என்றால், தமிழ்நாட்டில் மட்டும் ஒரு வருஷத்தில் 325 பஸ், சீட்டெல்லாம் நிரம்பி, கிளம்பிப் போனது. ஒன்றும் திரும்பவில்லை.

அவன் விழுந்த அந்த ஜிஎஸ்டி ரோட்டை எட்டு வழியாக அகலப்படுத்தியிருக்கிறார்கள். முன்பு நெரிசலில் ஊர்ந்த இடத்தில் இப்போது பறக்கலாம். கோடுகள் பளிச்சென்று இருக்கின்றன, ராத்திரியில் மின்னுகிற கண்ணாடிக் குமிழ்கூடப் பதித்திருக்கிறார்கள். அவன் விழுந்த இடத்தில் அந்தக் கோட்டின் மேல் கொஞ்ச நாள் கறை இருந்தது. மழை வந்தது. அப்புறம் புதுசாகப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அவள் காலேஜ் பொத்தேரி பக்கம், அதே ரோடு. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போக முடியவில்லை, ஸ்கூட்டி வேண்டும் என்கிறாள். அவள் அம்மா முடியாது என்று அழுகிறாள். மகள் என்னிடம் வந்து நிற்கிறாள். "அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, எனக்கும் சொல்லிக் குடுங்கப்பா."

பின்னால் காலி மனையில் அந்தச் செங்கல் இன்னும் கிடக்கிறது. எடுத்து அடுக்க வேண்டியதுதான். அடுக்கிவிட்டு, எந்த ஓரமாகப் போகச் சொல்வது? ரோட்டில் அவளுக்குப் பக்கத்துத் தடத்தில் வரப்போகிறவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்.