அரக்கனுக்கு வரவுப் பாட்டு உண்டா?

சென்ற விடுமுறையில் இலண்டனிலிருந்து வந்த உறவுப் பையன் ஒருவன் எங்கள் விறாந்தையில் ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே பஞ்சணைத்து அடுக்கிய சிறு உருவங்கள். கட்டைவிரல் உயரங்கூட இல்லாதவை. பூதங்கள், பறவை நாகங்கள், பல்லிளிக்கும் குள்ளர்கள். வர்ணம் முழுவதும் அவன் கைவேலை. மயிரிழைத் தூரிகையால் கண்மணிக்குள் ஒளிப்புள்ளிகூட வைத்திருந்தான். அவற்றுள் ஒன்று புலித்தலையோடு, பட்டங்கி போர்த்து, வாயிலே புகைக்குழலுடன் நின்றது.

“இது யார் தம்பி?”

“இராட்சதன், மாமா. இந்தியாவிலே பிறந்தவன் எண்டு புத்தகத்திலே இருக்கு.”

எழுவான்கரையில் பிறந்து, இரவிரவாக வட்டக்களரியைச் சுற்றியிருந்து கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த இராட்சதனைத் தெரியவில்லை! உடனிருந்த ஆசிரிய நண்பர், “அந்நியக் குப்பை; வாவியிலே எறியுங்கள்” என்றார். இளைய நண்பர் ஒருவர், “வெறும் விளையாட்டு, இதிலுமா அரசியல்?” என்றார். இருவரோடும் எனக்கு வழக்குண்டு.

முதலாமவருக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒரு பிள்ளை மூன்று மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு, கண்ணும் கையும் ஒன்றிச் செய்த வேலையை இகழ்பவர் உழைப்பை மதிப்பவர் ஆகார். பொம்மை வைத்து ஆடுவது பூர்ஷுவாச் சோம்பல் என்றும் அவர் எண்ணுகிறார் போலும். சமதர்மவாதியான எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைப் போர்வீரரைத் தரையில் நிறுத்தி ஆடுவதற்கென்றே ஒரு விதிநூல் எழுதினார். உண்மைப் போரைவிட இந்தப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். மறு ஆண்டே ஐரோப்பா பற்றி எரிந்தது. அது வெல்ஸின் பிழையன்று.

இரண்டாமவரோடுதான் உண்மையான சண்டை. விளையாட்டு ‘வெறும்’ விளையாட்டாக எங்கே இருந்திருக்கிறது? 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். தாயக்கட்டை வெற்றி தோல்வியை முடிவு செய்யும். கூடியிருந்து கதை கட்டும் அந்த முறை அழகியது, மறுக்கவில்லை. ஆனால் கதை நகர வேண்டுமானால் கொல்வதற்கு யாராவது வேண்டுமே! அதற்கென்று ஒரு அரக்கர் பட்டியல் உண்டாயிற்று.

அந்தப் பட்டியல் பிறந்த வரலாற்றைப் பாருங்கள். மலிவு விலைக் கடையில் பையாக விற்ற ஹொங்கொங் பிளாஸ்டிக் மிருகங்களைக் கைகாக்ஸ் மேசையில் நிறுத்தி ஆடினார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி, ஆந்தைக்கரடி, நிலத்தைத் துளைத்து வரும் புலெட் ஆகிய புகழ்பெற்ற மூன்றும் அந்தப் பையிலிருந்து எழுந்தவையே. அச்சை வார்த்த ஹொங்கொங் தொழிலாளியின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவன் கற்பனைக்குக் கூலி கிடைத்ததோ என்னவோ, உரிமை கிடைக்கவில்லை.

நம் இராட்சதன் கதையும் அதே கதைதான். 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், நம்பிக்கைக்குரியவர் உருவில் வந்து கொல்லும் இராட்சதன் தோன்றினான். மந்திரித்த அம்பொன்றே அவனை வீழ்த்தியது. மறு ஆண்டே அவன் ஆட்டத்துக்குள் புகுந்தான், அதே அம்பின் பலவீனத்தோடு. 1977-ல் வந்த அரக்கர் நூலில் டேவிட் டிராம்பியர் என்ற ஓவியர் அவனுக்குப் புலித்தலையும் புகைக்குழலும் வரைந்தார். வான்மீகியும் கம்பனும் ஆயிரமாயிரம் கூத்தர்களும் வளர்த்த பாத்திரம் ஒரு வார நாடகத்தின் வழியே மேசைக்கு வந்து சேர்ந்தது. நிறுவனம் கைமாறிக் கைமாறி, 1999-ல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை முதலாளியிடம் போயிற்று. பொதுச் சொத்திலிருந்து அள்ளியவர்கள் 2023 ஜனவரியில், பிறர் அதே ஆட்டத்தைத் தழுவி எழுதத் தந்திருந்த திறந்த அனுமதியையும் பறிக்க முனைந்தார்கள். ஆடுபவர்கள் உலகெங்கும் எதிர்த்தெழுந்தார்கள், சந்தாவை நிறுத்தினார்கள். அந்த மாதம் முடியுமுன் கம்பனி பின்வாங்கி, அடிப்படை விதிகளைப் பொதுவில் விட்டது. ‘இதிலுமா அரசியல்’ என்று கேட்ட தம்பி இதற்கு என்ன சொல்வார்?

ஆனால் சொத்துரிமையைவிட ஆழமான கேள்வி வேறு. அரக்கன் என்பவன் யார்? காரணம் கேளாமல் கொல்லத்தக்கவன். அவன் குழந்தைக்குப் பெயரில்லை, குடிசைக்கு வரலாறில்லை. இப்படி ஒரு கூட்டத்தைச் செய்துகொள்வது பொம்மைக் கம்பனி கண்டுபிடித்த வித்தையன்று. விஜயன் வந்திறங்கியபோது இத்தீவில் இருந்தவர்களை இயக்கர் என்று எழுதியது மகாவம்சம். தன் இனத்தையே காட்டிக்கொடுத்த குவேனி, வேலை முடிந்ததும் துரத்தப்பட்டாள். வேள்வியைக் காக்க அரக்கரைக் கொல்லும் காதைகளை நாம் பக்தியோடு படித்தோம். அவ்வாட்டத்தை வெளியிடுவோரே 2020-ல், ‘ஓர்க்’ முதலிய கூட்டங்களைப் பிறவியிலேயே தீயவராய்ச் சித்திரித்தது, உலகில் மெய்யாகவே வாழும் இனங்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்களே ஒப்பிய பிறகும் நாம் ‘வெறும் விளையாட்டு’ என்பதா? மனிதரை முதலில் வேறு பெயரிட்டு அழைத்து, பிறகு அழிப்பதை வாவியின் இருகரையும் கண்ணால் கண்டிருக்கின்றன.

இங்கேதான் கூத்து எனக்கு நினைவு வருகிறது. வடமோடியோ தென்மோடியோ, வரவு இல்லாமல் எவனும் களரிக்கு வருவதில்லை. அரக்கனும் மத்தளமும் சல்லாரியும் முழங்கத் தன் பேரைத் தானே சொல்லி, தன் தாளத்துக்குத் தான் ஆடித்தான் வருகிறான். சாவதற்கு முன் தன் நியாயத்தைப் பாடுகிறான். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் கூத்தைப் புது மேடைக்குக் கொணர்ந்தபோது, மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ பிறந்தது இந்த மண்ணிலிருந்துதான். அதில் இராவணன் கொல்லத்தக்க பொம்மை அல்லன், தன் முடிவைத் தானே தேடும் பெருமகன்.

இதைச் சொன்னதும் சிலர் உச்சி குளிர்ந்துபோவார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். கூத்துக் களரி சமத்துவபுரி அன்று. பெண் வேடத்தையும் ஆணே புனைந்தான். ஊரின் சாவுக்கும் சடங்குக்கும் பறை அறைந்தவர்கள் எந்தக் களரியில் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதை நேர்மையாகக் கேளுங்கள். சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் ஊராரோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது, இக்கேள்விகளைக் களரிக்குள்ளேயே எழுப்பினார்கள். அது பழம்பெருமை பேசுவதைவிட நூறுமடங்கு கடினமான வேலை. அரக்கனை அப்படியே தலைகீழாக்கி அரசனாக்குவதும் விடுதலை ஆகாது. 2019-ல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய சிறு செயற்கைக்கோளின் பெயர் ‘இராவணா-1’. வென்றவர்களும் இராவணனைத் தமக்கென்று சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். அதனால் இங்கே யாருடைய காணியாவது திரும்பி வந்ததா?

பையனிடம் நான் கேட்டது ஒன்றே: “உன் இராட்சதன் மேசைக்கு வரும்போது என்ன பாடி வருவான்?” விழித்தான். “அவன் பாடமாட்டான் மாமா, வந்ததும் நாங்கள் அடிப்போம்.” பின்பு இரண்டு நாள் யோசித்து, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாய் நாலு வரி எழுதிக் கொண்டுவந்தான். சந்தம் சரியில்லை. ஆனால் அதில் அரக்கனுக்கு ஒரு தாய் இருந்தாள்.

பெட்டியை வாவியில் எறியச் சொன்ன நண்பர் இன்னும் என்மேல் கோபமாய் இருக்கிறார். அவர் அண்ணாவியார் ஒருவரின் பேரன். பாட்டனாரின் முடியும் கரப்புடுப்பும் அவர் வீட்டுப் பரணிலே கறையான் ஏறிக் கிடக்கின்றன. இறக்கித் தாருங்கள், இந்தப் பையனே வர்ணம் பூசித் தருவான் என்று சொல்லி அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.