அறிவுரை வள்ளல்களும் ஆகாய விமானமும்

நம்மவரிடையே பொருள் கொடுக்கும் வள்ளல்கள் அருகிவிட்டனர். அறிவுரை கொடுக்கும் வள்ளல்களோ நாளுக்கு நாள் பெருகி வருகின்றனர். பள்ளி ஆண்டு விழாவாயினும் சரி, கோயில் மண்டபத்துப் பரிசளிப்பாயினும் சரி, மாலையும் பொன்னாடையும் ஏற்றுக்கொண்ட தலைவர் ஒலிபெருக்கியின் முன் நின்று, "தம்பிகளே! விடாது முயலுங்கள். டாக்டராகலாம், வக்கீலாகலாம், ஏன், விமானியுமாகலாம்!" என்று முழங்குகின்றார். கூட்டம் கை தட்டுகின்றது. தலைவர் காரேறிப் போய்விடுகின்றார். அந்தச் சொல்லை நெஞ்சில் முடிந்துகொண்டு லயத்துக்குத் திரும்பிய சிறுவன், பின்னர் எத்தனை ஆண்டுகள், எவர் சோற்றை உண்டு, எவர் பணத்தைக் கொண்டு முயல வேண்டுமென்பதை மட்டும் அவர் கூறுவதில்லை.

விடாமுயற்சி நற்குணமன்று என்று வாதிக்க நான் வரவில்லை. அது உயர்ந்த குணமே. ஆனால், அதனை ஏழைப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, வென்றால் நம் இனத்தின் பெருமை என்றும், தோற்றால் அவன் சோம்பல் என்றும் பேசும் வழக்கம் இருக்கின்றதே, அதுதான் பெருங்கேடு. முயற்சி என்பது உள்ளத்தில் பிறப்பது. ஆயின், அது உயிர் வாழ்வது பொருளாலும், சட்டத்தாலும், துணை நிற்கும் மக்களாலுமேயாம். இதனை மெய்ப்பிக்க ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டில் மார்லன் கிரீன் என்றொரு கறுப்பின வீரர் இருந்தார். அர்க்கன்சா மாநிலத்தில் 1929ஆம் ஆண்டு பிறந்தவர். அந்நாட்டு ஆகாயப் படையில் சேர்ந்து, பல இயந்திரங்கள் பூட்டிய பெரிய விமானங்களை ஓட்டித் தேர்ந்தவர். பயணிகள் விமானம் ஓட்டவேண்டுமென்ற ஆசையால் 1957ஆம் ஆண்டு படையை விட்டு விலகி, விமானக் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் எழுதினார். எவரும் அவரை ஏற்கவில்லை. காண்டினெண்டல் என்னும் கம்பெனிக்கு விண்ணப்பித்தபோது, இனம் இன்னதென்று குறிக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார், புகைப்படமும் ஒட்டவில்லை. கம்பெனியார் பறக்கும் தேர்வுக்கு அழைத்தனர். வந்த ஆளின் நிறம் அப்போதுதான் தெரிந்தது. அவரினும் குறைந்த அனுபவமுடைய வெள்ளையர்க்கு வேலை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

நம் மேடைப் பிரசங்கியார் அங்கிருந்திருப்பின், "தம்பி, மனந்தளராதே, மறுபடி முயல்க" என்று முதுகைத் தட்டியிருப்பார். கிரீன் இன்னும் நூறு விண்ணப்பம் எழுதியிருக்கலாம். நூறும் குப்பைக்கூடைக்கே போயிருக்கும். அவர் செய்தது வேறு. கொலராடோ மாநிலத்தில், இன வேறுபாடு காட்டி வேலை மறுப்பது குற்றமென்னும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தைக் காக்க ஓர் ஆணையமும் இருந்தது. கிரீன் அங்கே முறையிட்டார். ஆணையம் சாட்சிகளை விசாரித்து, அவர் மறுக்கப்பட்டதற்கு இனம் ஒன்றே காரணம் என்று முடிவு கூறி, அடுத்த பயிற்சி வகுப்பில் அவருக்கே முதல் இடம் தரவேண்டுமென்று கட்டளையிட்டது. கம்பெனி பணியவில்லை, கோர்ட்டுக்குப் போயிற்று. டென்வர் நகரக் கோர்ட்டு கம்பெனியின் பக்கம் நின்றது. கொலராடோ உச்ச நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. டெய்லர் என்னும் வழக்கறிஞர் கிரீனைக் கைவிடவில்லை. ஆணையமும் தன் கட்டளையைக் கைவிடவில்லை. வழக்கு வாஷிங்டனுக்குச் சென்றது. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் அனைவரும் ஒரே மனதாகக் கிரீனின் பக்கம் தீர்ப்புக் கூறினர். 1965ஆம் ஆண்டில் அதே கம்பெனி அவரை விமானியாக ஏற்றது. 1978இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். 2009இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அக்கம்பெனி தன் போயிங் விமானமொன்றுக்கு அவர் பெயரையே சூட்டிற்று.

எட்டு ஆண்டுகள்! இது விடாமுயற்சியன்றோ என்பீர். ஆம், விடாமுயற்சியே. ஆனால் அம்முயற்சியைத் தாங்கிய தூண்களை எண்ணிப் பாருங்கள். சட்டம் இல்லையேல் முறையீடு இல்லை. ஆணையம் இல்லையேல் விசாரணை இல்லை. வழக்கறிஞர் இல்லையேல் மேல்கோர்ட்டு இல்லை. கிரீனின் நெஞ்சுறுதி விதை. மற்றவை நிலமும் நீரும். விதையை மட்டும் புகழ்ந்து, நிலத்தையும் நீரையும் மறைக்கும் பேச்சு பயிர்த்தொழில் அறியாதவன் பேச்சாகும்.

மற்றுமொரு சான்று. டெக்ஸஸ் மாநிலத்துப் பருத்திக் காட்டில் கூலிவேலை செய்த குடும்பத்துப் பெண் பெஸ்ஸி கோல்மன், பிறந்தது 1892இல். சிகாகோ நகரில் முடி திருத்தும் கடையில் நகம் சீர்செய்யும் வேலை பார்த்தாள். விமானம் ஓட்டக் கற்க விரும்பியபோது, கறுப்பினத்தவள், அதிலும் பெண் என்று அமெரிக்கப் பள்ளிகள் கதவடைத்தன. அப்போது அவளுக்கு வழி காட்டியவர் யார்? 'சிகாகோ டிஃபெண்டர்' என்னும் கறுப்பினப் பத்திரிகையின் அதிபர் ராபர்ட் அபட். "பிரெஞ்சு மொழி கற்றுக்கொள், பிரான்சு தேசத்துக்குப் போ" என்று யோசனை சொன்னவர் அவரே. யோசனையோடு நின்றாரில்லை, அவர் பத்திரிகையும், அவ்வினத்து வங்கியாளர் ஒருவரும் பொருளுதவியும் செய்தனர். 1921ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் அவள் பிரான்சில் விமானி உரிமம் பெற்றாள். "பெண்ணுக்கு எதற்கு விமானம்?" என்று கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்க. அறிவுரைக்குப் பின்னால் பணப்பையும் திறந்ததைப் பத்திரிகை படிப்போரும் நடத்துவோரும் குறித்து வைத்துக்கொள்க.

நிற்க. இனி நம் கதைக்கு வருவோம்.

நான் தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் படித்தவனென்பதால் விண்ணப்பம் எழுதவும், வருமானச் சான்று வாங்கவும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் என்னிடம் வருவர். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் கேட்டார்: "கிராணி ஐயா, பையன் விமானம் ஓட்டப் படிக்கணுங்கிறான். என் சேமநிதியை எடுத்துட்டாப் போதுமுங்களா?" அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதனை உங்களுக்கும் காட்டுகின்றேன். 2025ஆம் ஆண்டில் மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. விமானப் பயிற்சிக்கு மூன்று இலட்சம் வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். உண்ணாமல், உடுக்காமல், ஒரு காசும் செலவழிக்காமல் பதினான்கு ஆண்டுக்கு மேல் சேர்த்தாலன்றி அத்தொகை முடியாது. இந்த மனிதரின் பிள்ளைக்கும், நகரத்து மாடிவீட்டுப் பிள்ளைக்கும் ஒரே "விடாமுயற்சி"யை உபதேசிப்பது எந்த ஊர் நியாயம்?

பயிற்சி முடிந்ததும் துன்பம் முடிந்ததா? இல்லை. தொழில்முறை உரிமத்துக்கு ஏறத்தாழ இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலை, வழியறிதல், விமானச் சட்டம், இயந்திர இயல் என்று பல தேர்வுகள். முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியையும் ஆண்டுதோறும் பறக்கும் தேர்வில் தேறிக் காக்க வேண்டும். கம்பெனியின் பெரிய விமானத்தை ஓட்டுவதற்கு அந்த வகைக்கென்றே தனிப் பயிற்சி வேறு. தலைமை விமானிக்குரிய உயர்ந்த உரிமத்துக்கு 1,500 மணி நேரம். ஆகவே, வேலை கிடைக்காமல் காத்திருக்கும் விமானி சும்மா காத்திருக்கவில்லை. வாடகை கொடுத்துக் காத்திருக்கின்றான். வாடகை நின்றால் தகுதி காலாவதியாகும். 2020ஆம் ஆண்டு தொற்றுநோய் வந்து விமானங்கள் தரையிறங்கியபோது, அனுபவமிக்க விமானிகளே உலகெங்கும் வேலையிழந்தனர். அவ்வேளையில் புதிதாக உரிமம் பெற்று வந்த ஏழைப் பிள்ளையின் கதி என்ன? முயற்சி குறைந்ததாலா அவன் வாடகைக் கார் ஓட்டப் போனான்?

இந்த இடத்தில் இரு கூட்டத்தார் குறுக்கிடுவர். முதற் கூட்டத்தார் விதிவாதிகள். "அவனவன் தலையில் எழுதியபடிதான் நடக்கும், ஜாதகத்தில் சனி எட்டில் நிற்கின்றான்" என்பர். தந்தை லயத்தில் பிறந்ததும், மகன் லயத்தில் வளர்ந்ததும் எந்தக் கிரகத்தின் வேலையுமன்று. கூலியை நிர்ணயித்த மனிதர்களின் வேலை. கொலராடோ ஆணையம் கிரீனின் ஜாதகத்தைப் பார்க்கவில்லை. கம்பெனியின் கணக்கையும் சாட்சிகளின் வாக்கையும் பார்த்தது. ஆகையால்தான் உண்மை வெளிவந்தது.

இரண்டாவது கூட்டத்தார் இவரினும் அபாயமானவர். இவர்கள் கனவு வியாபாரிகள். வெள்ளைச் சட்டையும் பொற்கோடுமாக ஒரு படத்தை அச்சிட்டு, "நீயும் விமானியாகலாம்" என்று ஆசை காட்டி, வேலை எவ்வளவு பேருக்குக் கிடைத்தது என்பதைக் கூறாமலே கட்டணம் முழுவதையும் முன்பணமாக வாங்குவோர் எத்தொழிலிலும் உண்டு. விதிவாதி, "முயலாதே" என்று கையைக் கட்டுகின்றான். வியாபாரி, "முயல்" என்று பையை அறுக்கின்றான். மேடைத் தலைவரோ இருவருக்கும் நடுவே நின்று கைதட்டல் வாங்குகின்றார்!

"அப்படியானால் நம் பிள்ளைகள் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கவே கூடாதா? நீரே அவர்களை அதைரியப்படுத்துகின்றீரே!" என்று சிலர் சினக்கலாம். தைரியம் வேறு, குருட்டுத் துணிவு வேறு. ஆழம் பாராது ஆற்றில் இறங்கென்பவன் நண்பனல்லன். வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை எங்கே வைத்தார்? பொருட்பாலில், அரசியல் என்னும் இயலில் வைத்தார். ஆள்வோரும் தலைமை தாங்குவோரும் முதலில் படிக்கவேண்டிய பாடம் அது. நாமோ அதனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒப்புவிக்கக் கொடுத்துவிட்டு, தலைவர்களை விட்டுவிட்டோம்!

வேறு சிலர், "விமானம் பணக்காரர் தொழில், தோட்டத்தார் காசு சேர்த்து ஒருவனைப் பறக்கவிட்டு மற்றவர்க்கு என்ன பயன்?" என்பர். இக்கேள்விக்கு நம் வரலாறே விடை சொல்லும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், வேலையும் லயமும் இழந்து தொழிலாளர் தெருவில் நிற்க நேர்ந்தது. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோட்டமாகச் சென்றார். பால் வெட்டும் கைகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தன. அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. அன்று ஒரு தொழிலாளியிடம் போய், "விடாது முயன்றால் நீயும் ஒரு தோட்டம் வாங்கலாம்" என்று எவரேனும் உபதேசித்திருந்தால் சிரித்திருப்பான். கூடிக் கொடுத்தபோதோ வாங்கினான். நிலத்துக்குப் பொருந்திய கணக்கு ஆகாயத்துக்குப் பொருந்தாதா?

ஆதலால் நான் வேண்டுவது இவை. மாவட்டந்தோறும் ஒரு கல்விக் கடன் நிதி வேண்டும். தருமமன்று, கடன், வேலை கிடைத்தபின் திருப்பிக் கட்டவேண்டும், அது அடுத்த பிள்ளைக்குச் செல்லவேண்டும். அந்நிதி படிப்புச் செலவோடு நில்லாமல், வேலைக்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் உரிமத்தைப் புதுப்பிக்கும் செலவையும் ஏற்கவேண்டும்; பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் அந்தப் பள்ளத்திலேதான். விமானிக்கு மட்டுமின்றி, விமானம் பழுதுபார்க்கும் தொழிலுக்கும், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தொழிலுக்கும், நீண்ட பயிற்சி வேண்டிய எத்தொழிலுக்கும் அது பொதுவாக இருக்கட்டும். மறுக்கப்பட்ட பிள்ளைக்காக மனு எழுதவும் கேள்வி கேட்கவும் சட்டம் கற்ற நம்மவர் சிலர் மாதமொரு நாள் ஒதுக்கட்டும். விழா எடுக்கும் சங்கங்கள் பந்தல் செலவில் பத்தில் ஒரு பங்கை அந்நிதியில் போட்டபின் மேடையில் ஏறட்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். எந்தப் பள்ளிக்கும் ஒரு வெள்ளி கட்டுமுன், பிள்ளைக்கு முதல் வகுப்பு மருத்துவச் சோதனை செய்வியுங்கள். நிறங்களைப் பிரித்தறியாத கண் இருப்பின் அன்றே தெரிந்துவிடும், சேமநிதி தப்பும். பள்ளி சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று எழுத்தில் கேளுங்கள். முடித்தவர்களுள் எத்தனை பேர் இன்று பறக்கின்றனர் என்று கேளுங்கள். முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டாதீர்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், கேள்விக்குச் சினப்பவன் கையில் பணம் கொடாதீர்கள்.

இனி ஒரு தலைவர் மேடையேறி, "விடாது முயல்க" என்று தொடங்கும்போது, கூட்டத்திலிருந்து எவரேனும் ஒருவர் எழுந்து நின்று, "ஐயா, தாங்கள் நிதிக்கு எவ்வளவு எழுதுகின்றீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கவேண்டும். விடை வந்தபின் கை தட்டலாம்.