சம்பளத் துண்டும் ரேஸ் துண்டும்



சம்பள நாளன்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுன்களில் தவறணைக்கு அடுத்தபடியாக நம் ஆட்கள் நிற்பது ரேஸ் புக்கியில். இங்கிலாந்தில் பகல் இரண்டு மணிக்கு ஓடும் குதிரை, காலத்தைப் பொறுத்து இங்கே மாலை ஆறரைக்கோ ஏழரைக்கோ டி.வி.யில் ஓடுகிறது. நாம் கொழுந்து நிறுத்து, மலையிறங்கி, டவுனுக்கு வந்து சேரத் தோதான நேரம். குதிரை இல்லையென்றால் நாய் ரேஸ்.

இது கள்ளத் தொழில் அல்ல. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி புக்கிகளிடம் அரசாங்கம் ஆண்டு வரி வாங்குகிறது. நேரடி ஒளிபரப்பு உள்ள கடைக்குக் கூடிய வரி, இல்லாத கடைக்குக் குறைந்த வரி. டி.வி. இருந்தால் பணம் வேகமாகக் கரையும் என்பது சட்டம் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! 2025இல் மொத்த வசூல் மீதான வரி நூற்றுக்கு 15இலிருந்து 18 ஆக உயர்ந்தது. அது யாருடைய பணம்? 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி, 2021இல்தான் பெற்றோம். 2024இல் அது 1,350 ஆனது. ரோட்டில் இறங்கி வாங்கிய அந்தக் காசுதான் புக்கிக் கடைக்குப் போகிறது.

கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்து நாய் ரேசில் ஆறு நாய்கள் ஓடும். ஒவ்வொன்றின் மேலும் 100 ரூபா விழுந்தால் 600 ரூபா. ஜெயித்தவருக்கு ஒன்றுக்கு நாலு என்று கொடுத்தால், அவர் கட்டிய நூறும் சேர்த்து 500 ரூபாதான் வெளியே வரும். எந்த நாய் முந்தினாலும் 100 ரூபா கடைக்காரருக்கே. ஒரு நாள் ஒருவர் ஜெயிக்கலாம். கடை தினமும் ஜெயிக்கும்.

“அவரவர் காசு, அவரவர் இஷ்டம்” என்பார்கள். சம்பளம் போட்டு ஒரு வாரம் ஆகியும் கொப்பி இல்லாமல் வரும் பிள்ளையை நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையின் இஷ்டத்தை யார் கேட்டார்கள்? காலெல்லாம் அட்டை கடிக்கக் கொழுந்தெடுத்த தாயைக் கேட்டார்களா?

“தடுத்தால் கள்ளப் பந்தயம் பெருகும்” என்பார்கள். ஆனால், கெசினோவுக்குள் நுழையும் உள்நாட்டவருக்கு 50 டொலராக இருந்த நுழைவு வரியை 2025இல் 100 டொலராக்கியது இதே அரசாங்கம்தான். வசதியுள்ளவன் வாசலில் வேலி போட முடியுமென்றால், தோட்டத் தொழிலாளி போகும் வாசலில் ஏன் முடியாது?

2025ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தத் தனி அதிகாரசபை அமைக்க வழி செய்துள்ளது. சமூகத் தீங்கைக் குறைப்பதும் அதன் நோக்கம் என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் கேட்கிறோம்:

ஒன்று: பாடசாலை, கோயில், லயங்களுக்குப் பக்கத்தில் புக்கிக்கு அனுமதி கூடாது. புதிய அனுமதிக்கு முன் ஊர்மக்களையும் பிரதேச சபையையும் கேட்க வேண்டும்.

இரண்டு: கடனுக்கும், பேங்க் கார்டையோ அடையாள அட்டையையோ பிடித்து வைத்துக்கொண்டும் பந்தயம் எடுப்பவரின் அனுமதியை ரத்துச் செய்ய வேண்டும்.

மூன்று: போன மாதம் வசூலித்தது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று ஒவ்வொரு கடை வாசலிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட வேண்டும்.

மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை பிரதேச சபைகளில் நம் வாக்கால் உட்கார்ந்திருப்பவர்கள் இதைத் தீர்மானமாக்கிக் கொழும்புக்கு அனுப்பட்டும். தோட்டத் தலைவர்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே கையெழுத்து வாங்கத் தொடங்குங்கள். மாதர் சங்கத்தின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.

ரேசுக்குப் போகிறவரைக் கேலி பேசாதீர்கள். அவர் நம்மவர். சம்பள நாளில் அவரோடு கூடப் போய், கடைச் சாமானும் கொப்பியும் வாங்கிக்கொண்டு, ஒன்றாக பஸ் ஏறி வாருங்கள்.