கட்டட அனுமதிப் பட்டியல் அறிவித்தல் பலகைக்கு வரட்டும்

ஆலையடிவேம்பில் ஒருவர் வீடு கட்டப் பிரதேச சபையிடம் அனுமதி கேட்டால், செய்தி முதலில் தெரிவது வரைபடம் வரைந்தவருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும்தான். பக்கத்து அக்கரைப்பற்றில் வேலை தேடும் மேசனுக்கு அத்திவாரம் வெட்டிய பிறகே தெரியும். அதற்குள் வேலை யாருக்கோ போயிருக்கும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்ற எல்லை இப்படித்தான் கூலிக்கும் எல்லையாகிறது.

புதுச் சட்டம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமலே இந்தப் பட்டியலைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். உரிமையாளரின் பெயர், தொலைபேசி இலக்கத்தைத் தர மறுக்கலாம்; அது நியாயம்தான். பெண்கள் தனித்திருக்கும் வீட்டுக்கு முன்பின் தெரியாதவர்கள் படையெடுப்பதை யார் விரும்புவார்? ஆனால் வட்டாரம், சதுர அடி, அனுமதித் திகதி ஆகியவற்றில் மறைக்க என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் சிக்காகோ நகரம் 2006 முதலான அனுமதிகளை ஒப்பந்தக்காரர் பெயரோடு இணையத்தில் வைத்திருக்கிறது. நாம் கேட்பது மாதம் ஒரு தாள். கூடவே விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: 'விலைமனு தர விரும்புவோர் உங்களைத் தொடர்புகொள்ளலாமா?' ஆம் என்பவரின் இலக்கம் மட்டும் பலகைக்கு வரட்டும். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இரு சபைகளிலும் இதற்கொரு பிரேரணை கொண்டுவரலாம்.